சொட்டுக்கூடத் தொடாத குடிகாரர்

எங்கள் தெருவில் குடிகாரர்கள் என்று எண்ணினால் ஏழு பேர் தேறுவார்கள். அதில் முதலிடம் அவருக்குத்தான் என்று இஸ்திரி போடுகிறவரிலிருந்து பால் ஊற்றுகிறவர் வரை யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மற்ற ஆறு பேரைப் பற்றி எனக்கு உறுதியாகத் தெரியாது. அவரைப் பற்றித் தெரியும். அறுபத்து மூன்று வயது வாழ்ந்தார். அதில் மது அவர் உதட்டில் பட்டது ஒரே ஒரு முறை. அதுவும் உள்ளே போகவில்லை, இருமலில் வெளியே வந்துவிட்டது. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அன்றைய குறிப்பில் மணியோடு எழுதி வைத்திருக்கிறேன்.

காரைக்காலில் ஒருவருக்குக் கண் சிவந்திருந்தால் யாரும் காரணம் தேடுவதில்லை. வெளியூர்க்காரர்கள் பஸ் ஏறி வந்து குடித்துவிட்டுப் போகிற ஊர் இது. உள்ளூர்க்காரருக்குக் கேட்கவா வேண்டும்? அவருக்குக் கண் மட்டுமல்ல, உள்ளங்கை, உதடு, மூக்கு நுனி, காது மடல் எல்லாமே சிவப்பு. நல்ல கறுப்பு நிறம் அவருக்கு. அந்தக் கறுப்புக்கு அடியில் யாரோ அடுப்பு மூட்டி வைத்தது போல இருக்கும்.

நாங்கள் இருவரும் பொதுப்பணித்துறையில் வேலை பார்த்தோம். நான் அலுவலகத்தில் தபால் பதிவேடு எழுதினேன். அவர் காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் அரசலாற்றில் மதகு பார்த்தார். எந்தப் பலகையை எப்போது எவ்வளவு தூக்குவது, எப்போது இறக்குவது என்பதுதான் அவர் வேலை. வீடுகள் எதிரெதிர். அவர் மனைவி இறந்து வெகு நாளாகியிருந்தது. ஒரே மகள், நர்சரிப் பள்ளியில் டீச்சர்.

நோய் முதலில் தலைவலியாக வந்தது. பிறகு குளித்தால் அரிப்பு. துடைத்துக்கொண்டு வெளியே வந்த பத்தாவது நிமிடத்தில் உடம்பெங்கும் ஊசி ஊசியாகக் குத்தும். மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினாற்போல எரியும் என்பார். சோப்பை மாற்றினார், கிணற்று நீருக்கு மாறினார், கடைசியில் குளிப்பதையே குறைத்தார். ரத்தம் பரிசோதித்த இடத்தில் மெஷின் கெட்டுவிட்டதென்று நினைத்து இரண்டாவது முறையும் ரத்தம் எடுத்தார்கள். மெஷின் சரியாகத்தான் இருந்தது. புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜையை எடுத்துப் பார்த்துப் பெயர் சொன்னார்கள்: பாலிசைதீமியா வேரா.

அபூர்வமான நோயாம். எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜைதான் ரத்த அணுக்களைச் செய்கிறது. அவருடைய மஜ்ஜைக்குப் போதும் என்று நிறுத்தத் தெரியவில்லை. அணுக்கள் பெருகிப் பெருகி ரத்தம் கெட்டியாகிறது. கெட்டியானால் எங்காவது உறையும். மூளையில் உறைந்தால் பக்கவாதம், இதயத்தில் உறைந்தால் மாரடைப்பு. மருந்து இருக்கிறது. ஆனால் முதல் வைத்தியம், கையில் ஊசி குத்தி ஒரு பை ரத்தத்தை வெளியேற்றிவிடுவது.

இதையெல்லாம் மருத்துவர் ஒரு மணி நேரம் சொன்னாராம். அவர் எனக்கு ஒரு நிமிடத்தில் சொன்னார்.

“ஊரு பூரா கடைமடைக்குத் தண்ணி வரலன்னு கத்துறான் தம்பி. எனக்குள்ள மட்டும் கரை ஒடையிற மாதிரி வருதாம். வடிய விடணுங்கிறாங்க.”

பெயரின் பொருளையும் கேட்டு வந்திருந்தார். வேரா என்றால் நிஜமானது என்று அர்த்தமாம். உடம்பில் தண்ணீர் குறைந்தாலும் ரத்தம் கெட்டியாகத் தெரியுமாம், அது பொய்யான கெட்டி. இவருடையது அசல். அதில் அவருக்கு ஏனோ ஒரு பெருமை. “பேருலயே நிஜம்னு போட்டுக் குடுத்திருக்கான் பாருங்க” என்றார்.

ஆனால் அந்த நிஜத்தை ஊரில் சொல்ல முடியாது. மகளின் ஜாதகம் அப்போதுதான் வெளியே போயிருந்தது. எங்கள் பக்கத்தில் ஜாதகம் பொருந்தியதும் மாப்பிள்ளை வீட்டார் நேராக வரமாட்டார்கள். முன்பின் தெரியாத ஒருவர் தெருவுக்கு வருவார். டீக்கடையில் உட்காருவார், இஸ்திரி வண்டியில் பேச்சுக் கொடுப்பார், ஏதோ வீட்டு விலாசம் கேட்பதுபோல நாலு வீட்டுக் கதவைத் தட்டுவார். அவர் கேட்பவற்றில் தவறாத ஒன்று, குடும்பத்தில் ஏதாவது சீக்கு உண்டா என்பது. ரத்தத்தில் வியாதி என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தால் போதும். பரம்பரையாக வருவது என்று அவர்களே முடிவு செய்துவிடுவார்கள். இது பிறந்த பிறகு மஜ்ஜையில் ஏற்படும் கோளாறு, பிள்ளைகளுக்குப் போவது வழக்கமில்லை என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மருத்துவரைக் கூட்டி வந்து டீக்கடையில் உட்கார வைக்க முடியுமா?

இதை நினைத்துக்கொண்டே மறுநாள் காலை டீக்கடைக்குப் போயிருக்கிறார். கடைக்காரர் முகத்தைப் பார்த்துவிட்டு, “என்னண்ணே, காலையிலயேவா?” என்று கண்ணடித்தார். அவர் ஒரு நொடி யோசித்தார்.

“ராத்திரி மிச்சம்” என்றார்.

அந்த நொடியில்தான் அவர் எங்கள் தெருவின் முதல் குடிகாரர் ஆனார்.

அவர் கணக்கு இதுதான். விசாரிக்க வருகிறவனிடம் அப்பன் குடிப்பான் என்று சொன்னால், எந்த வீட்டில்தான் இல்லை என்று அடுத்த கேள்விக்குப் போய்விடுவான். அப்பனுக்கு வியாதி என்றால் எழுந்தே போய்விடுவான். சிவந்த முகத்துக்கு ஊர் ஒரு காரணத்தைத் தானாகவே தருகிறது. வேண்டாம் என்பானேன்?

எடுத்த காரியத்தை அரைகுறையாகச் செய்கிற வழக்கம் அவருக்கு இல்லை. சனிக்கிழமை மாலை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பாருக்குப் போய், தெருவைப் பார்த்த மேசையில் உட்கார்ந்து லைம் சோடா குடித்தார். உப்புப் போட்டு. தெரிந்தவர்கள் போகும்போது கிளாஸை உயர்த்திக் காட்டுவார். வீட்டுக்கு வரும் வழியில் தள்ளாடப் பழகினார். என் வீட்டுக் கூடத்தில்தான் ஒத்திகை. இடது பக்கம் மட்டும் சாய்கிறீர்கள், அது குடித்தவர் நடை மாதிரி இல்லை, கால் சுளுக்கியவர் நடை மாதிரி இருக்கிறது என்று நான் திருத்தினேன். அடுத்த வாரம் இரண்டு பக்கமும் சமமாகச் சாய்ந்தார்.

புதுச்சேரி போய் ரத்தத்தை வெளியேற்றிவிட்டு வரும் நாளில் நான் துணைக்குப் போக வேண்டும். ஏன் என்னைப் பிடித்தார் என்று கேட்டேன். “நீங்க எழுதுற ஆளு, பேசுற ஆளு இல்ல” என்றார். காலை பஸ்ஸில் போவோம். முந்நூற்று ஐம்பது மில்லி எடுப்பார்கள். கருஞ்சிவப்பாகப் பைக்குள் சோம்பேறித்தனமாக இறங்கும். இதை யாருக்காவது கொடுங்களேன் என்று நர்ஸிடம் ஒவ்வொரு முறையும் சொல்வார். நோயாளி ரத்தம், கொட்டத்தான் வேண்டும் என்று நர்ஸும் ஒவ்வொரு முறையும் சொல்வார். திரும்பி வரும்போது முகம் வெளுத்து, நிஜமாகவே கொஞ்சம் தள்ளாடுவார். அந்த நாட்களில் நடிக்க வேண்டியிருக்காது. காரைக்காலில் இருந்துகொண்டு குடிக்கப் புதுச்சேரி போகிறவர் என்று தெருவில் அவர் மதிப்பு உயர்ந்தது. இங்கே கிடைக்கும் சரக்கு அவருக்கு ஆகாதாம்.

இதில் ஒரே ஒருவருக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அவர் மகள். அவளிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், அவளுக்குப் பொய் வராது என்பார். பெண் பார்க்க வருகிறவர்களிடம் காபித் தட்டை நீட்டும்போதே சொல்லிவிடுவாள். அதனால் அவளையும் நம்ப வைத்தார். முதல் சனிக்கிழமை அவர் தள்ளாடி உள்ளே போனபோது அவள் வாசற்படியில் நின்றிருந்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. மோர் கரைத்துக் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மூன்று நாள் பேசவில்லை. குளிக்காமல் இருப்பதற்கும் குடியைத்தான் காரணமாக நினைத்தாள். “எல்லாம் தாலி ஏறுற வரைக்கும்தான் தம்பி” என்று என்னிடம் சொன்னார். சொல்லும்போது சிரிக்கவில்லை.

எதிர்பார்த்தபடியே ஒருநாள் விலாசம் கேட்டுக்கொண்டு ஒரு மனிதர் என் வீட்டுக்கும் வந்தார். எதிர்வீட்டுக்காரர் எப்படி என்றார். நல்ல மனிதர் என்றேன். தண்ணி போடுவாராமே என்றார். எனக்கும் பொய் வராது. நான் பார்த்து அவர் ஒரு சொட்டுக்கூடக் குடித்ததில்லை என்று உண்மையைச் சொன்னேன். அந்த மனிதர் என் தோளில் தட்டி, சிநேகிதர் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று பாராட்டிவிட்டுப் போனார்.

அம்பகரத்தூர் வரன் அது. நிலபுலன் உள்ள விவசாயக் குடும்பம். பையனுக்குக் காரைக்காலிலேயே வேலை. ஒரு ஞாயிறு மத்தியானம் பையனின் அப்பா தனியாக வந்தார். மகள் திருப்பட்டினத்தில் சிநேகிதி வீட்டுக்குப் போயிருந்தாள். நான் செய்தித்தாளைத் திருப்பிக் கொடுக்கப் போனவன், இருங்கள் என்று நம் ஆள் கண்ணைக் காட்டியதால் உட்கார்ந்தேன். வந்தவர் மடியில் ஒரு துணிப்பை. வெயில், நாற்று, பஸ் என்று கொஞ்ச நேரம் பேசினார். பிறகு தொண்டையைச் செருமினார்.

“விசாரிச்சதுல ஒண்ணு கேள்விப்பட்டேங்க.”

நம் ஆளின் சிவந்த முகம் சட்டென்று சாம்பலானது. கணக்குத் தப்பிவிட்டது, இவர்கள் குடியையே ஒத்துக்கொள்ளாத குடும்பம் என்று நானும் நினைத்தேன். வந்தவர் வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பைக்குள் கைவிட்டு, செய்தித்தாளில் சுற்றிய பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தார்.

“எங்க வீட்டுல அவ செவ்வாய்க்கிழமை தவறாம அம்மன் கோயிலுக்குப் போறவ. வாசம் பட்டாலே சாமி வந்துரும். ஒரு சம்பந்தியாவது நமக்கு ஏத்த மாதிரி அமையணும்னு வேண்டிக்கிட்டிருந்தேன். ரெண்டு கிளாஸ் எடுத்தாங்க.”

மறுக்க வழியில்லை. மறுத்தால் சம்பந்தம் போய்விடும். எடுத்தால், கெட்டி ரத்தக்காரர் தொடவே கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அவர் கிளாஸைக் கையில் எடுத்து, நிரம்பி வழியும் ஆற்றைப் பார்ப்பது போலக் கொஞ்ச நேரம் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு உதட்டில் வைத்தார். நான் முதலில் சொன்ன அந்த இருமல் அப்போதுதான் வந்தது. பாதி மேசையில், பாதி நான் கொண்டுபோன செய்தித்தாளில்.

வந்தவர் தன் கிளாஸைக் கீழே வைத்தார். அனுபவஸ்தர். “நீங்க குடிக்கிற ஆளே இல்லியே” என்றார். “பின்ன எதுக்குங்க குடிக்கிறேன்னு ஊரையே நம்ப வச்சிருக்கீங்க?”

அதற்குமேல் மறைக்க முடியவில்லை. அவர் எல்லாவற்றையும் சொன்னார். எலும்பு, மஜ்ஜை, ஊசி, பை. பிள்ளைகளுக்கு வருமா என்று வந்தவர் கேட்டார். பெரும்பாலும் வராது என்று மருத்துவர் சொன்னதை, நான் எழுதி வைத்திருந்தபடியே சொன்னேன். வந்தவர் தன் கிளாஸைக் குடித்தார். பிறகு சம்பந்தியின் கிளாஸையும் எடுத்துக் குடித்தார்.

“பொண்ணுக்காகக் கெட்ட பேரு வாங்குன மனுசன் வீட்டுல பொண்ணு எடுக்கலாம்” என்றார். “ஆனா ஒண்ணு. இந்தச் சீக்கு விசயம் நம்ம மூணு பேரோட இருக்கட்டும். நீங்க குடிக்கிறதாவே இருங்க. நான் வந்து போக ஒரு எடம் வேணும். வாசம் வந்தா, சம்பந்தி மேல சாஞ்சாருன்னு சொல்லிக்குவேன்.”

இப்படியாக அந்தக் கல்யாணம் நடந்தது. தாலி ஏறியதும் முடிய வேண்டிய நாடகம், சம்பந்தியின் வசதிக்காக ஆண்டுக் கணக்கில் ஓடியது. வாரம் ஒரு மாலை அவர் வருவார், ஒருவர் குடிப்பார், ஒருவர் கடலை உரிப்பார். அம்பகரத்தூரில் அந்த அம்மாள், குடிகாரச் சம்பந்தி திருந்த வேண்டும் என்று செவ்வாய்தோறும் விளக்குப் போட்டார். மகள் பிறந்தவீட்டுக்கு வருவதைக் குறைத்தாள். வந்தாலும் முதலில் சமையலறை அலமாரிகளைத் திறந்து பார்ப்பாள். பாட்டில் இருக்கும். சம்பந்தியுடையது. அவளிடம் சொல்லிவிடலாமே என்று நான் கேட்டேன். “அவ மாமனாரை யாரு காப்பாத்துறது?” என்றார்.

பிறகு அவர் முகம் வெளுக்கத் தொடங்கியது. முதலில் காது மடல், பிறகு உதடு, பிறகு உள்ளங்கை. ஊரே மகிழ்ந்தது. அண்ணன் குடியை விட்டுவிட்டார், முகம் எப்படித் தெளிந்துவிட்டது பாருங்கள் என்றார்கள். டீக்கடைக்காரர் ஒருநாள் அவரிடம் காசு வாங்க மறுத்தார். சம்பந்தியம்மாள் வேண்டுதல் பலித்ததென்று மாவிளக்குப் போட வரச்சொன்னார். அவரும் போய் அம்மன் முன்னால் திருந்தியவராக நின்றுவிட்டு வந்தார்.

மருத்துவர் வேறு சொன்னார். இத்தனை ஆண்டு ஓயாமல் வேலை செய்த மஜ்ஜை இப்போது தழும்பாகிவிட்டது. சிலருக்கு இந்த நோய் இப்படித் திரும்புவதுண்டு. இனி அதிலிருந்து ரத்தம் சரியாக வராது. வெளியே கொட்டிக்கொண்டிருந்தவருக்கு இனி வெளியிலிருந்து ஏற்ற வேண்டும்.

“இப்பத்தான் நானும் சரியான காரைக்கால்காரன் ஆயிருக்கேன் தம்பி” என்றார். “மேலேர்ந்து யாராச்சும் தொறந்து விட்டாத்தான் உண்டு.”

முதல் முறை ரத்தம் ஏற்றப் போனபோது மகளிடம் மறைக்க முடியவில்லை. குடித்துக் குடித்து வந்த வினை என்று அவளாக நினைத்துக்கொண்டாள், அழுதுகொண்டே வந்தாள். சம்பந்தியும் வந்தார். ஏற்றுகிற ரத்தத்துக்கு ஈடாக யாராவது கொடுக்க வேண்டும் என்றார்கள். என்னுடையதை எடுக்க முடியாது, சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்கிறவன். நான் தருகிறேன் என்று சம்பந்தி சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு முன்னால் போனார். நாற்காலியில் அவரும், பக்கத்தில் மருமகளும், சக்கர நாற்காலியில் நம் ஆளும், பின்னால் நானும். படிவத்தை வைத்துக்கொண்டு நர்ஸ் வரிசையாகக் கேட்டார். மஞ்சள் காமாலை வந்ததா, பல் பிடுங்கினீர்களா, பச்சை குத்தினீர்களா. எல்லாவற்றுக்கும் இல்லை என்றார்.

“கடைசியா எப்ப டிரிங்க்ஸ் எடுத்தீங்க?”

சம்பந்தி வாயைத் திறந்தார், மூடினார். மருமகளைப் பார்த்தார். இல்லை என்று சொல்லிவிட்டால் முடிந்துபோகும். ஆனால் அந்தப் பதில் ரத்தத்தோடு கலந்து எங்கே போகப்போகிறது என்பது அவருக்குத் தெரியும். நம் ஆள் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார்.

“நேத்து சாயங்காலங்க” என்றார்.

“எங்க வச்சு மாமா?” என்று மகள் கேட்டாள்.

“உங்கப்பா வீட்டுலம்மா.”

“இந்த நெலமையிலயும் ரெண்டு பேருமா சேந்து...”

“அவரு இல்லம்மா. நான் மட்டுந்தான். எப்பவும் நான் மட்டுந்தான். அவரு வாழ்க்கையிலயே குடிச்சதில்ல.”

அவள் அப்பாவின் பக்கம் திரும்பினாள். அவர் முகத்தில் அவ்வளவு அமைதி.

“பொய் சொல்றாரும்மா” என்றார். “தங்கமான மனுசன். எனக்காகப் பழிய ஏத்துக்கிறாரு.”

பிறகு அவள் என்னைப் பார்த்தாள். என்னிடம் கேட்கவே இல்லை. என் முகமே போதுமானதாக இருந்திருக்கும். அவள் தரையில் உட்கார்ந்து அவர் முழங்காலில் தலையை வைத்துக்கொண்டாள். எத்தனை வருசம்பா, எத்தனை வருசம் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். நர்ஸ் படிவத்தில் எதையோ எழுதி, ஐயா நாளைக்கு வரட்டும், இன்றைக்குத் தொடாமல் இருக்கட்டும் என்றார்.

அன்றிரவு சம்பந்தி ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் படுத்தார். வெளியே போனால் கால் தானாகக் கடைப்பக்கம் திரும்பிவிடும் என்று பயம். மறுநாள் ஒன்பது மணிக்குக் கொடுத்தார். மாலையில் நம் ஆளுக்கு ஏற்றினார்கள். அவர் கொடுத்த ரத்தம் சோதனைக்குப் போய்விட்டது, அது வேறு யாருக்கோ சேரும். இவருக்கு ஏறியது ஏற்கெனவே இருப்பில் இருந்த வேறு யாருடையதோ. சம்பந்தியோ கட்டிலருகே நின்றுகொண்டு, தன் ரத்தம் சொட்டுச் சொட்டாக இறங்குவதாக நினைத்து, பையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதுவும் சொல்லவில்லை. என் குறிப்பில் மட்டும் சரியாக எழுதிக்கொண்டேன்.

பாதிப் பை இறங்கியிருக்கும். அவர் கண்ணைத் திறந்தார். உதட்டில் மெல்லிய சிவப்பு திரும்பியிருந்தது. சம்பந்தியைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

“கிறுகிறுன்னு வருதுங்க சம்பந்தி” என்றார். “நீங்க ஏன் இத விடமாட்டேங்கிறீங்கன்னு இப்பத்தான் புரியுது.”

மகள் அவர் வாயைப் பொத்தினாள். அவள் தோள் குலுங்கியது, சிரிப்பா அழுகையா என்று என்னால் எழுத முடியவில்லை. பை முழுதும் இறங்கி முடியும்வரை அவள் அந்தக் கையை எடுக்கவில்லை.